நோட்டீஸ் வந்தபின் யாரோடு சேர்வது: வாரக் கூட்டமா, தனித் துணையா, கைபேசிக் குழுவா?

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தவருக்கு வக்கீல் தேவையா என்ற கேள்வியை இங்கே எடுக்கவில்லை. தேவை. இலவச சட்ட உதவி கிடைக்கும் இடத்தில் இருப்பவர் அதே வாரம் போய்விட வேண்டும். நியூயார்க் நகரம் 2017இல், வருமானம் குறைந்த வாடகைதாரர்களுக்கு இத்தகைய வழக்குகளில் வக்கீல் அமர்த்தித் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதற்கு முன் எந்த நகரமும் அதைச் செய்ததில்லை. ஆனால் நல்ல வக்கீல் அமைந்தாலும் அவர் ஒதுக்கும் நேரம் கொஞ்சம்தான். யாராவது கதவைத் தட்டினாலே நெஞ்சு பதறும் மாலைகளில் கூட இருக்க வேண்டியவர்கள் வேறு. அவர்கள் இதே நிலையில் நின்றவர்கள், இப்போதும் நிற்பவர்கள்.

அவர்களோடு சேர மூன்று வழிகள் உண்டு. ஒரே இடத்தில் வாரந்தோறும் கூடுவது, ஏற்கெனவே இதைக் கடந்து வந்த ஒருவரைத் துணையாகப் பெறுவது, கைபேசிக் குழுவில் சேர்வது. என் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொன்னபோது மூன்றையும் நாடினேன். வாரக் கூட்டத்தில் நிலைத்தேன், இன்றும் போகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வெளிப்படையான வித்தியாசங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கைபேசிக் குழு நடுராத்திரியிலும் பதில் தரும். தனித் துணையிடம் கூச்சமின்றி மனம்விட்டுப் பேசலாம். வாரக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போக வேண்டும், முன்பின் தெரியாதவர்கள் நடுவே வாடகை பாக்கியைப் பற்றி வாய் திறக்க வேண்டும். முதல் தடவை அது கஷ்டம்தான்.

என் தேர்வைத் தீர்மானித்தது இவை எதுவும் அல்ல. தன் பிரச்சினை தீர்ந்தவர் அதன்பிறகும் வருகிறாரா என்பதுதான். இத்தகைய உதவியின் சரக்கெல்லாம் பிரச்சினை முடிந்தவர்களிடம்தான் இருக்கிறது. வாய்தா அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போட்டால் இன்றே முடிந்துவிடும்" என்பார்; அந்தத் தாளில் இந்தத் தேதிக்குள் காலி செய்கிறேன் என்ற உறுதிமொழி இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்திடக்கூடாது என்று உறைக்கும்படி சொல்ல, அந்தத் தாழ்வாரத்தில் நின்ற ஒருவர் வேண்டும். அவர் தன் வீடு காப்பாற்றப்பட்டதும் மறைந்துவிட்டால், புதிதாக வருகிறவர் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் அடிபட்டே கற்க வேண்டும்.

கைபேசிக் குழுவில் இதுதான் நடக்கிறது. வழக்கு முடிந்தவர்கள் ஒலியை அணைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள், அல்லது விலகிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயந்த நாட்களை நினைவூட்டும் செய்திகளை யார்தான் தினமும் பார்க்க விரும்புவார்கள்? மிஞ்சுவது புதிதாகப் பயந்தவர்கள். ஒருவர் கேள்வி போடுவார், பத்துப் பேர் பதில் போடுவார்கள், பத்துப் பேரில் ஒருவரும் அந்த நோட்டீஸைப் பார்த்திருக்க மாட்டார். காலக்கெடு ஊருக்கு ஊர், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வேறு சட்டத்தின் கீழ் குடியிருப்பவர் நல்லெண்ணத்தோடு சொன்ன கெடுவை நம்பி, பதில் மனு கொடுக்கும் நாளையே தவறவிடலாம். நோட்டீஸைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். குழுவில் உரிமையாளரின் ஆளும் இருக்கலாம்.

தனித் துணைக்கு வேறொரு பலவீனம் உண்டு. ஒருவரின் அனுபவம் ஒரு முடிவின் அனுபவம். சமரசம் பேசி வெளியேறியவர் சமரசத்தையே சொல்வார், வழக்காடி வென்றவர் வழக்காடு என்பார். அதோடு, அவருக்கும் வேலை, குடும்பம், உடம்பு உண்டு. அடுத்தடுத்து இரண்டு மூன்று பேரைச் சுமந்தவர் ஓய்ந்துபோவது இயல்பு. ஆனால் பலர் முன்னால் பேசவே முடியாதவருக்கும், குடியுரிமை போன்ற சிக்கல்களால் வெளியே தெரியக்கூடாத நிலையில் இருப்பவருக்கும் இதுதான் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. எனக்கு அந்த நெருக்கடி இருந்ததில்லை. ஆகவே உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன்.

வாரக் கூட்டத்துக்கு வருகிறேன். அங்கே நோட்டீஸ் மேசைமேல் விரிக்கப்படும். அனுபவப்பட்ட ஒருவர் விரலை வரிவரியாக நகர்த்துவார். எழுதிய தேதி எது, கைக்குக் கிடைத்த தேதி எது, காரணம் என்ன, பாக்கி என்று போட்டிருக்கும் தொகை ரசீதுகளோடு ஒத்துப்போகிறதா? அதைவிட முதல் கேள்வி, இது உரிமையாளரின் கடிதமா, நீதிமன்றத்தின் சம்மனா? பல நாடுகளில் உரிமையாளரின் கடிதம் மட்டும் ஒருவரை வெளியேற்றிவிடாது. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். பூட்டை மாற்றுவதும் தண்ணீரை நிறுத்துவதும் அங்கெல்லாம் சட்டவிரோதம். பக்கத்தில் இருப்பவர் இதைக் கேட்டுக்கொண்டே தன் கடிதத்தையும் எடுத்துப் பார்ப்பார். ஒருவருக்குச் சொல்லும்போதே அத்தனை பேரும் கற்றுக்கொள்கிறார்கள்; அடுத்த மாதம் சொல்லித் தருகிறவர் அவர்களில் ஒருவராக இருப்பார்.

ஸ்பெயினில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வீடிழந்தவர்களுக்காக 2009இல் பார்சிலோனாவில் தொடங்கிய இயக்கம், ஆலோசனையைத் தனியறையில் வைக்காமல் கூட்டத்தின் நடுவே வைத்தது. தீர்வு கண்டவர்கள் தங்கி அடுத்தவருக்கு வழிகாட்டினார்கள், வெளியேற்றம் நடக்கும் வீட்டு வாசலிலும் போய் நின்றார்கள். அதன் முகமாக அறியப்பட்ட அடா கொலாவ் 2015இல் அந்த நகரத்தின் மேயரானார். அதற்கு நூறாண்டு முன்பே, 1915இல், கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் மேரி பார்பரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வாடகை உயர்வை எதிர்த்துச் சமையலறைகளில் கூடினார்கள். அமீனா வந்தால் மணியடித்துப் படிக்கட்டை அடைத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 17 அன்று பெருங்கூட்டம் நீதிமன்றத்தைச் சூழ்ந்தது. அடுத்த மாதமே பிரிட்டனில் வாடகையை 1914 ஆகஸ்ட் நிலையில் நிறுத்தும் சட்டம் வந்தது.

வாய்தா அன்றும் கூட்டத்தின் பலன் கண்கூடு. பல இடங்களில் வாடகைதாரர் தோற்பது வாதத்தில் அல்ல. அவர் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடுகிறது. பயம், வேலைக்கு விடுப்பு இல்லாமை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என்று காரணங்கள் இருக்கும். கூட்டத்தில் ஒருவர் பிள்ளையை வைத்துக்கொள்வார், இன்னொருவர் உடன் வருவார். தனித் துணையும் உடன் வருவார், உண்மைதான். அவருக்கு அன்று முடியாமல் போனால் அடுத்தவர் இல்லை.

கூட்டத்துக்கும் குறைகள் உண்டு. இரவு வேலைக்காரர்கள் வர முடிவதில்லை, அவர்களுக்குக் கைபேசிக் குழுதான் கதி. சத்தமாகப் பேசுகிறவர் நேரத்தை விழுங்கிவிடுவார். பிரச்சினை தீர்ந்தவர்களே கண்ணில் படாத கூட்டம் என்றால் அது கைபேசிக் குழுவைவிட மேலானதல்ல. முதல் தடவை போகும்போதே, இங்கே வீட்டுப் பிரச்சினை முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள். போகும்போது நோட்டீஸோடு அது வந்த உறையையும் எடுத்துப் போங்கள். அது எப்போது அஞ்சலில் சேர்க்கப்பட்டது என்பதைக் காட்ட அஞ்சல் முத்திரை உதவும்.