டைம் இதழ்த் தரவகம்: போருக்குப் பிந்தைய ஆங்கிலச் செய்தி நடையைத் துழாவ

ஒரு ஆங்கிலச் சொல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்தி எழுத்தில் எப்படிப் புழங்கியது என்று பார்க்க அகராதி பாதி வழிதான் வரும். சொல் முதலில் பதிவான ஆண்டு அதில் கிடைக்கும், பரவிய காலம் கிடைக்காது. அந்த இடத்தில் கைகொடுப்பது இங்கிலீஷ்-கார்ப்போரா தளத்தில் உள்ள டைம் இதழ்த் தரவகம், அதாவது அந்த அமெரிக்கச் செய்தி இதழின் கட்டுரைகளைக் கணினியில் தேடும்படி சேர்த்துவைத்த தொகுப்பு. மொழியியலாளர் மார்க் டேவிஸ் தொகுத்தது. 1923 முதல் 2006 வரை சுமார் 10 கோடி சொற்கள். இலவசக் கணக்கே போதும். தினசரித் தேடல் வரம்பும், இடையிடையே வந்து நிற்கும் சந்தா அறிவிப்பும் கொஞ்சம் எரிச்சல்தான்.

சோதித்துப் பார்க்க ‘ஹோப்ஃபுலி’ (hopefully) நல்ல சொல். ‘நம்பிக்கையோடு’ என்பது பழைய பொருள். ‘அப்படி நடக்கும் என நம்பலாம்’ என்று முழு வாக்கியத்துக்கும் அடையாக வருவது 1960களில் பரவிய வழக்கு. இலக்கணக் காவலர்கள் பல காலம் திட்டித் தீர்த்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2012இல்தான் இறங்கி வந்து அதை ஏற்றது.

சொல்லை மட்டும் தட்டி, பத்தாண்டு வாரியான வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு பொருளும் கலந்தே வரும். அதனால் தேடலைப் பிரிக்க வேண்டும். முற்றுப்புள்ளி, இடைவெளி, சொல், இடைவெளி, காற்புள்ளி என்று ஒரு தேடல். நிறுத்தற்குறியைச் சொல்லோடு ஒட்டி அடித்தால் ஒன்றும் கிடைக்காது. இங்கே அதுவும் தனிச் சொல்தான். ‘வில்’ (will), ‘குட்’ (could) போன்ற துணைவினைக்கு அடுத்து அந்தச் சொல் வருவது இரண்டாவது தேடல். இதில் பழைய பொருளும் கொஞ்சம் கலந்து வரும், பிரித்தெடுக்க வேண்டும். ‘செட்’ (said) என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது மூன்றாவது. ‘நம்பிக்கையோடு சொன்னார்’ என்பதுபோன்ற பழைய பொருள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்.

காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். பழைய டைம் இதழுக்கு வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் தனிப் பாணி உண்டு. ‘நம்பிக்கையோடு கதவைத் தட்டினார் செனட்டர்’ என்ற போக்கில் அடைச்சொல் முன்னால் வந்துவிடும். வாக்கியத் தொடக்கத்தை மட்டும் எண்ணினால் 1930, 40களிலேயே புதிய வழக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். அது ஆசிரியர் குழுவின் கோணங்கி, மொழி மாற்றமல்ல.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது கண் போகவேண்டியது பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை என்ற வரிசைக்கு. ஒவ்வொரு பத்தாண்டின் அளவும் வேறு. 2000களுக்கு ஏழு ஆண்டுகள் மட்டுமே உள்ளன. நேர் எண்ணிக்கையை வைத்துச் ‘சரிந்தது’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். வரைபடம் எதைக் காட்டினாலும் வரிகளைப் படித்தாக வேண்டும். பத்தாண்டுக்கு 100 வரி எடுத்து ஒவ்வொன்றிலும் பொருளைக் குறியுங்கள். மேற்கோளுக்குள் இருப்பதைத் தனியாக வையுங்கள். அதிகாரி பேசியதும் நிருபர் எழுதியதும் ஒன்றல்ல, தரவகம் அதைப் பிரித்துத் தராது. என் கணக்கில் இதுதான் இதன் பெரிய குறை.

பெயராகவும் வினையாகவும் வரும் ‘கான்டாக்ட்’ (contact) போன்றவற்றில், ஒவ்வொரு சொல்லும் பெயரா வினையா என்று காட்டும் சொல்வகைக் குறியீடு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் குறியிட்டது இயந்திரம். தலைப்புகளிலும் துண்டு வாக்கியங்களிலும் தடுமாறும்.

ஒரே இதழின் பாணியை அமெரிக்கப் பத்திரிகை உலகம் என்று சொல்லிவிட முடியாது. அதே தளத்தின் கோஹா தரவகத்தில் (COHA, அமெரிக்க ஆங்கிலத்தின் வரலாற்றுத் தொகுப்பு, 47.5 கோடி சொற்கள், 1820கள் முதல் 2010கள் வரை) நாளிதழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அதே தேடலை ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே பத்தாண்டில் ஏற்றம் தெரிந்தால் துணிந்து எழுதலாம். சொற்களின் பயன்பாட்டை ஆண்டுவாரியாக வரைந்து காட்டும் கூகுள் என்கிராம் இந்த வேலைக்கு ஆகாது. அதில் இருப்பவை புத்தகங்கள்.

1961ஆம் ஆண்டின் அமெரிக்க எழுத்தைத் தொகுத்த பிரவுன் தரவகத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதன் 500 மாதிரிகளில் செய்தி, தலையங்கம், விமர்சனம் மூன்றும் சேர்ந்து 88. மாதிரிக்கு 2,000 சொல் வீதம் 1,76,000 சொற்கள். பத்து லட்சத்துக்கு 10 முறை வரும் சொல் அங்கே இரண்டு தடவை தென்பட்டால் அதிகம். இலக்கணச் சொற்களுக்குச் சரி, ‘ஹோப்ஃபுலி’க்குப் போதாது. பிரிட்டிஷ் எழுத்துக்கு அதே ஆண்டில், அதே அமைப்பில் எல்ஓபி (LOB) தரவகம் உண்டு. அளவுச் சிக்கல் அங்கும் இதேதான்.