தானே சார்ஜ் ஆகும் ஜெனரேட்டர்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டீசல் வேண்டாம், வெயில் வேண்டாம், காற்று வேண்டாம். ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் தன்னைத் தானே சார்ஜ் செய்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். இப்படியொரு ஜெனரேட்டர் தருவதாகச் சொன்னவரிடம் நானும் நண்பர்கள் சிலரும் முன்பணம் கட்டினோம். இப்போது அதே ஆள் டீலர்ஷிப் தருகிறேன் என்று வசூலுக்குக் கிளம்பியிருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவு.

ஆள் ஒரு மாதிரி. சட்டையெல்லாம் கிரீஸ். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ச் சுவரில் சூத்திரம் எழுதுவார். கூட வந்தவர்கள் "மேதைங்க எல்லாம் இப்படித்தான்" என்றார்கள். ஒருவர் கிறுக்கராக இருப்பது அவருக்குச் சாதகமான சாட்சியும் இல்லை, பாதகமான சாட்சியும் இல்லை. ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் வீட்டுச் சமையலறையில் கந்தகத்தோடு மல்லாடியவர்தான். 1938-ல் முதல் பிரதி எடுத்த பிறகும் இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. ஆனால் 1944-ல் பேட்டல் ஆய்வு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்தவர்கள் கையிலும் அது வேலை செய்தது. நம்ம ஆளின் கருவி அவர் கையில் மட்டும்தான் ஓடும்.

காட்சி நடந்த விதத்தைச் சொல்கிறேன். மூடிய பெட்டி ஒன்று, மோட்டார், பெல்ட், ஆல்டர்னேட்டர், வரிசையாகப் பல்புகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். பெட்டிக்குள் ஒளித்துவைத்த பேட்டரியே இதற்குப் போதும்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,200 வாட்-மணி இருக்கிறது. பாதி வீணாய்ப் போனாலும் 60 வாட் பல்பு ஒன்றைப் பத்து மணி நேரம், அல்லது பத்துப் பல்புகளை ஒரு மணி நேரம் எரிக்கலாம். ஆக, ஒரு மணி நேரக் காட்சி எதையும் நிரூபிக்கவில்லை.

அடுத்து மீட்டர். அதுவும் அவருடையதுதான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம் என்று போர்டில் எழுதிக் காட்டினார். பல்புகளோடு ஒரு பழைய டியூப்லைட் சோக்கையும் எதற்கு இணைத்திருந்தார் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் சோக், மோட்டார் மாதிரி லோடு இருந்தால் வோல்ட் பெருக்கல் ஆம்பியர் என்பது உண்மையான வாட் கணக்கு ஆகாது. அதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். பவர் ஃபேக்டர், அதாவது அந்தப் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு, எவ்வளவு என்று ஒரு நண்பர் கேட்டதற்கு, "இதெல்லாம் புத்தகப் படிப்பு தம்பி" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பெட்டி முதல் ராத்திரியைக்கூடத் தாண்டவில்லை. திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்தோம். பேட்டரி, சாதாரண இன்வெர்ட்டர் போர்டு, அப்புறம் 'காந்த மையம்' என்று அவர் பெருமையடித்த, தார் ஊற்றி இறுக்கிய ஒரு டப்பா. அதை உடைத்தால் உள்ளே மணல்.

இது ரொம்பப் பழைய வித்தை. 1812-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ரெட்ஹெஃபர் என்பவர் ஓயாமல் ஓடும் இயந்திரம் என்று டிக்கெட் போட்டுக் காட்டினார். பார்க்க வந்த அதிகாரிகள் பல்சக்கரங்களைக் கவனித்தார்கள்; தேய்மானம் தப்பான பக்கத்தில் இருந்தது. அதாவது, இயந்திரம் எதை ஓட்டுவதாகச் சொன்னாரோ, அதுதான் இயந்திரத்தையே ஓட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் நியூயார்க்கில் நீராவிப் படகுப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன், சக்கரம் சீராகச் சுற்றாமல் தடுமாறுவதைப் பார்த்துப் பலகையைப் பெயர்த்தார். சுவருக்குள் ஓடிய நரம்புக் கயிறு மேல்மாடிக்குப் போனது. அங்கே ஒரு தாத்தா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது அந்தத் தாத்தாவின் வேலையை லித்தியம் பேட்டரி பார்க்கிறது, அவ்வளவுதான்.

பேட்டன்ட் எண் காட்டுவார். அது விண்ணப்ப எண். பணம் கட்டி விண்ணப்பித்தால் யாருக்கும் எண் கிடைக்கும். வழங்கப்பட்ட பேட்டன்ட் ஆவணத்தைக் கேளுங்கள். பெரிய கம்பெனிகள் தன்னை அமுக்கப் பார்க்கின்றன என்றும் சொல்வார். 1996-ல் பரபரப்பான மூலிகை பெட்ரோலுக்கும் இதே கதையைத்தான் சொன்னார்கள். அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னவருக்கு 2016-ல் சென்னை நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்த பிறகும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நேரில் போனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நாங்கள் பூட்டிய அறையில், எங்கள் மீட்டரோடு, நாங்கள் போடும் லோடில் பத்து நாள் ஓடட்டும், பணம் அதன் பிறகு. எங்கள் நண்பர் கேட்டபோது "ரகசியம் வெளியே போயிடும்" என்று மறுத்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நாங்கள் பெட்டியைத் திறந்ததால்தான் "காந்தப் புலம் கலைந்துவிட்டது" என்கிறார். புகார் கொடுத்திருக்கிறோம். புகார் கொடுக்கப் போன பிறகுதான் ரசீதை முழுசாகப் படித்தோம்: 'ஆராய்ச்சிக்கான பங்களிப்பு' என்று இருக்கிறதே தவிர, பொருள் விற்றதாக ஒரு வரி இல்லை. உங்கள் ரசீதிலும் அப்படி இருந்தால் பதறவேண்டாம். அவர் அனுப்பிய மெசேஜ், காட்சி வீடியோ, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள், அந்தத் தார் டப்பாவோடு அப்படியே வேண்டும்.