விளம்பரத்தைக் குறைத்து வளர்ந்த அலைச்சறுக்குப் பத்திரிகை: 'தி சர்ஃபர்ஸ் ஜர்னல்'

அச்சுப் பத்திரிகையெல்லாம் முடிந்த கதை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, அலைச்சறுக்கு (சர்ஃபிங்) என்கிற ஒரே ஒரு விளையாட்டை வைத்துக்கொண்டு, கனத்த தாளில், மற்ற பத்திரிகைகளைவிட அதிக விலையில், 1992-லிருந்து ஒரு நிறுவனம் விடாமல் இதழ் போட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் சான் க்ளமென்டியிலிருந்து வரும் 'தி சர்ஃபர்ஸ் ஜர்னல்'தான் அது. பணம் கொடுத்து வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

இதைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் இதற்கு முந்தைய பத்திரிகையிலிருந்துதான் தொடங்கவேண்டும். 1960-இல் ஜான் செவர்சன் என்கிற சர்ஃபர், தான் எடுத்த அலைச்சறுக்குத் திரைப்படத்துக்கு விளம்பரமாக 36 பக்கத்தில் ஒரு புத்தகம் அச்சடித்தார். அதுதான் 'சர்ஃபர்' பத்திரிகையாக வளர்ந்தது. அதன் பதிப்பாளராக எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருந்தவர் ஸ்டீவ் பெஸ்மன். அந்தக் காலம் முழுக்க அலைச்சறுக்குத் துணிக் கம்பெனிகள் வளர வளர விளம்பரமும் சேர்ந்து வளர்ந்தது, பத்திரிகையும் தடித்துக்கொண்டே போனது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வெளியே வந்த மனிதர், மனைவி டெபியோடு சேர்ந்து நேர் எதிராக ஒன்றை ஆரம்பித்தார்: காலாண்டிதழ், ஆறே ஆறு விளம்பரதாரர்கள், செலவில் பெரும்பங்கை வாசகரே தாங்கவேண்டும். அன்றைக்கு இதைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஏன் சிரிப்பு என்றால், அமெரிக்கப் பத்திரிகைத் தொழில் ஓடியதே வேறு கணக்கில். இத்தனை பேர் படிக்கிறார்கள் என்று விளம்பரதாரரிடம் ஒரு எண்ணைக் காட்டவேண்டும், அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகச் சந்தாவை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடவேண்டும், கடைகளுக்கு அனுப்பும் பிரதிகளில் பெரும்பகுதி விற்காமல் கூழாகப் போனாலும் பரவாயில்லை. வாசகர் கொடுக்கும் காசில் தாள் செலவுகூட வராது. விளம்பரம் வரும்வரை ஓடும், நின்றால் எல்லாம் நிற்கும்.

நீர் விளையாட்டுப் பத்திரிகைகளிலேயே இந்த வழியில் ஓஹோவென்று வளர்ந்த நிறுவனமும் உண்டு. ஃப்ளோரிடாவில் வின்டர் பார்க் ஊரில் டெர்ரி ஸ்னோ ஆரம்பித்த வேர்ல்ட் பப்ளிகேஷன்ஸ், நீர்ச்சறுக்குப் பத்திரிகையில் தொடங்கி, விண்ட்சர்ஃபிங், வேக்போர்டிங், கடலடி நீச்சல், மீன்பிடி என்று ஒவ்வொரு புது மோகத்துக்கும் ஒரு பத்திரிகை போட்டுக்கொண்டே போனது. 2006-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பானியர் ஊடகக் குழுமம் அதில் 49 சதவீதப் பங்கை வாங்கியது. அடுத்த வருஷமே டைம் நிறுவனத்திடமிருந்து 18 பத்திரிகைகளை மொத்தமாக வாங்கி இதோடு இணைத்தார்கள். படகுக்குப் பின்னால் கயிறு பிடித்துச் சறுக்குகிறவர்களுக்காக வந்த பத்திரிகை, குழந்தை வளர்ப்பு பத்திரிகையோடும் அறிவியல் பத்திரிகையோடும் ஒரே கூரைக்குக் கீழே வந்து நின்றது! வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி வளர்ந்த பிறகு நீர்ச்சறுக்குப் பத்திரிகை என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவே.

அலைச்சறுக்குப் பக்கம் நடந்தது இன்னும் மோசம். 2015-இல் குவிக்சில்வர் என்கிற அலைச்சறுக்குத் துணிக் கம்பெனி அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மற்ற பெரிய பிராண்டுகளும் ஆட்டம் கண்டன. இவர்களுடைய விளம்பரத்தை நம்பி இருந்த பத்திரிகைகள் என்ன ஆகும்? 'ட்ரான்ஸ்வேர்ல்ட் சர்ஃப்' அதற்கு முன்பே, 2013-இல், மூடியிருந்தது. 'சர்ஃபிங்' 2017-இல் நின்றது. 'சர்ஃபர்' பத்திரிகை 2019-இல் அமெரிக்கன் மீடியா என்கிற பத்திரிகை நிறுவனத்தின் கைக்குப் போய், 2020 அக்டோபரில் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. பெயர் மட்டும் அப்புறம் இணையதளமாக வேறொருவர் கைக்குப் போனது. இந்தச் சாவுகள் எல்லாவற்றையும் தாண்டி நின்றது, ஆறு விளம்பரதாரரோடு தொடங்கிய இந்த இதழ்தான்.

சரி, பத்திரிகை எப்படி இருக்கிறது?

கையில் எடுத்தாலே புத்தகம் என்றுதான் தோன்றும். முதுகில் 31.2 என்கிற மாதிரி எண் இருக்கும், முப்பத்தோராவது தொகுதியின் இரண்டாவது இதழ் என்று அர்த்தம், அலமாரியில் அடுக்கினால் வரிசை அழகாகத் தெரியும், இதற்காகவே சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் 'இந்தக் கோடையில் நீங்கள் போகவேண்டிய பத்து கடற்கரைகள்' மாதிரி கூச்சல் கிடையாது. கட்டுரைக்கு நடுவே கறுப்புக் கண்ணாடி விளம்பரம் குதிப்பதும் கிடையாது. பலகை செய்யும் ஒரு கிழவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்: எந்த மரத்தை எப்படி இழைத்தார், பால்சா மரத்திலிருந்து ஃபோமுக்கு மாறியபோது என்ன பிடிக்கவில்லை, யாரோடு சண்டை, எல்லாம் வரும். விளம்பரதாரருக்கு இதில் விற்க ஒன்றும் இல்லை. அதனால்தான் மற்ற பத்திரிகைகளில் இது வரவே வராது.

படங்கள்தான் உயிர். அலைச்சறுக்கைப் படம் எடுப்பதில் பெயர் வாங்கிய ஜெஃப் டிவைனே இங்கே படத் தேர்வைப் பார்த்துக்கொண்டவர். அலைக்குள்ளேயே நீந்திக்கொண்டு, நீர் புகாத கூட்டுக்குள் கேமராவை வைத்து எடுத்த படங்களில், சறுக்குகிறவரின் விரல் நுனி அலைச்சுவரில் கிழிக்கிற கோடுகூட அச்சில் தெளிவாகத் தெரியும். கைபேசியில் இதே படத்தைப் பார்த்துவிட்டு 'பார்த்தாச்சு' என்று சொல்லாதீர்கள்.

ஆனால் அதே படத்தில்தான் என் முதல் புகாரும். இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில், மடிப்பு நடுவில் வந்து ஆளையே விழுங்கிவிடுகிறது. தடித்த புத்தகக் கட்டு என்பதால் முழுசாக விரிக்கவும் முடியாது, அழுத்தி விரித்தால் முதுகு பிளந்துவிடும். இவ்வளவு விலை வாங்குகிறவர்கள், மடிப்பில் ஆள் விழாத மாதிரி படத்தை நகர்த்தியிருக்கக்கூடாதா?

அடுத்தது பழைய நினைப்பு. அறுபதுகளின் கலிஃபோர்னியாவும் ஹவாயும் இவர்களுக்கு அலுக்கவே அலுக்காது. நன்றாக எழுதுகிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் நாலைந்து இதழ் தொடர்ந்து படித்தால் எல்லாக் கிழவர்களும் ஒரே கிழவராகத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். பெண்களுக்கு ரொம்ப நாள் இடம் குறைவாகவே இருந்தது, சமீப இதழ்களில் தேவலை. அப்புறம் நடை, சில பேர் எழுதுவது கொஞ்சம் அதிகமாகவே மெருகேறி, மனிதர் அலையில் ஏறினாரா விழுந்தாரா என்றே புரியாமல் போகிறது. அலை முன்னறிவிப்பு, போட்டி முடிவு, புதுப் பலகை எது வாங்கலாம் என்பதெல்லாம் தேடுகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

நிறுவனத்தின் வளர்ச்சி என்று பார்த்தால், காலாண்டிதழ் இப்போது வருஷத்துக்கு ஆறு இதழாகிவிட்டது. 2017-இல் இதே சூத்திரத்தை கோல்ஃபுக்குக் கொண்டுபோய் 'தி கோல்ஃபர்ஸ் ஜர்னல்' ஆரம்பித்தார்கள்: அதே கனத்த தாள், அதே குறைந்த விளம்பரம், சந்தாதாரர் காசுதான் அதற்கும் முதுகெலும்பு. கோல்ஃப்காரர்கள் கையில் காசு இருக்கும், சாமர்த்தியமான தேர்வு. பத்து விளையாட்டுக்குப் பத்து பத்திரிகை என்று தாவாமல் கால் நூற்றாண்டு ஒன்றையே நடத்திவிட்டு இரண்டாவதைத் தொட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறவர்கள் தபால் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சந்தா சட்டென்று எகிறிவிடும். எடுத்த எடுப்பில் வருஷச் சந்தா வேண்டாம். பழைய இதழ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். செய்தி கிடையாது என்பதால் பழையது என்கிற குறையே தெரியாது. அதிலுள்ள நீளமான கட்டுரை ஒன்றைக் கடைசிவரை படிக்க முடிந்தால் சந்தா கட்டுங்கள். படத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடினீர்கள் என்றால் அந்த ஒன்றே போதும்.