மடக்குப் பல்லாங்குழிப் பலகை: வாங்கும்போதும் ஆடும்போதும் பார்க்க வேண்டியவை

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் மீன் வடிவ மடக்குப் பலகைகள் கிடைக்கின்றன. பிள்ளைகள் போனை வைத்துவிட்டுப் பொறுமை பழகட்டும் என்றுதான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். பலகை அதற்கு உதவும். ஆனால் பிள்ளை எதைப் பழகும் என்பது எதிரே உட்காரும் ஆளைப் பொறுத்தது.

முதலில் பலகை. விரித்துத் தரையில் வைத்து அழுத்திப் பாருங்கள். கீல் துருத்திக்கொண்டிருந்தால் நடுவில் ஆடும், காய் சிதறும். குழி ஆழமாக இருக்க வேண்டும்; ஆட்டம் சூடுபிடித்தால் ஒரே குழியில் பத்துக் காய்க்கு மேல் சேரும். ஒரு கை புளியங்கொட்டையைப் போட்டு, வழியாமல் நிற்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். மரத்தூள் அட்டையில் குடைந்த பலகையில் தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் மரப்பலகையே மேல்.

காய்: ஆளுக்கு ஏழு குழி; குழிக்கு 5 வீதம் 14 குழிக்கு 70. தொலையும் என்பதால் பத்து கூடுதலாக வையுங்கள். குன்றிமணி வேண்டவே வேண்டாம்; தோல் உடைந்து வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. வாயில் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் எந்தக் காயானாலும் ஆடி முடித்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். புளியங்கொட்டையை நன்றாகக் காயவைத்தால் வண்டு விழுவது குறையும்.

சின்னப் பிள்ளைதானே என்று குழிக்கு மூன்று காய் வைத்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் இடது ஓரக் குழியில் தொடங்கி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகச் சுற்றிப் போட்டு, கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை எடுத்துத் தொடர்ந்து பாருங்கள். விழுகிற குழியெல்லாம் நான்காகிப் பசு விழும் (குழியில் காய் நான்கானால் அது பசு; அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார்). ஆளுக்கு 5 பசு, பலகையில் மிச்சம் இரண்டே காய். எதிராளி கை வைக்கும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும். நான்கு வைத்து 56 காயில் ஆடினால் சரியாக வரும். தொடக்கத்தில் இருக்கும் நான்கு பசு ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளையின் குணம் தெரிவது இரண்டாவது ஆட்டத்தில்தான். குழிக்கு ஐந்து வைத்து ஆடிய முதல் ஆட்டத்தில் ஒருவருக்கு 38, இன்னொருவருக்கு 32 வந்தது என்று வையுங்கள். அவரவர் காயை வைத்துத்தான் அவரவர் குழியை மறுபடி நிரப்ப வேண்டும். 32 வைத்திருப்பவர் ஆறு குழிதான் நிரப்ப முடியும், கையில் 2 மிஞ்சும். ஏழாவது குழி மூடப்படும். பிள்ளை அழும் இடம் இது. இங்கே அப்பத்தாவோ அம்மாச்சியோ வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும். அதற்குப் பதில், ஏழு குழி நிரப்பியதுபோக வென்றவர் கையில் மிஞ்சும் 3 காயைக் கைமாற்றாகக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்தில் முதல் பசு விழுந்ததும் எண்ணித் திருப்பித் தர வேண்டும். கேட்கவும் கொடுக்கவும் பிள்ளைக்கு வாய் வரும்.

கள்ளாட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஒரு குழியில் சத்தமில்லாமல் இரண்டு காய் விடுவது, எடுக்கும் முன் விரலால் கிளறி எண்ணுவது. "தொட்ட குழியை எடுக்கணும்" என்ற ஒரு விதி இரண்டாவதற்குப் போதும். முதலாவதைப் பார்த்து, "எம்புட்டுக் கெட்டிக்காரன் பாரு" என்று வீட்டில் யாராவது சிரித்தால் அதற்கு மருந்தில்லை. மறுநாள் தெருப்பிள்ளைகளிடமும் அதே கை நீளும், அங்கே அடி விழும். திட்டவும் வேண்டாம். காயைப் பழைய குழிக்கே எடுத்து வைத்து, அந்தக் கையை மறுபடி போடச் சொன்னால் போதும். பெரியவர் செய்தாலும் அப்படியே.

இன்னொரு வருத்தம். "பொம்பளப் பிள்ளைக ஆட்டம்" என்று சொல்லிப் பையன்களை எழுப்பிவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த ஒரு வார்த்தையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து தோற்கப் பழகும் வாய்ப்பைப் பையன் இழக்கிறான்.

ஆறு வயதுக்கு மேல் பிள்ளை இருக்கிற, அரைமணி நேரம் கூட உட்கார ஒரு பெரியவரும் இருக்கிற வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். பிள்ளையைத் தனியாக உட்கார்த்தி வைக்க மட்டும் என்றால் இந்தக் காசு வீண்.