எரு போடுவது மழைக்கு முன்னா, பின்னா?

புரட்டாதி கழியும் நேரம் வன்னி வீதிகளில் எரு ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகள் ஓடத் தொடங்கிவிடும். சிலது வயலுக்கு, சிலது தோட்டத்துக்கு, லொறியில் ஏறுவது யாழ்ப்பாணத்துக்கு. மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் அப்போது ஒருவரை ஒருவர் கேட்பது மாட்டெருவா, ஆட்டெருவா, கோழி எருவா என்றுதான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. மழைக்கு முன் போடுவதா, மழை வெளித்த பின் போடுவதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மழைக்கு முன் போடச் சொல்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் நிலம் சும்மா கிடக்கிறது, கைக்கு வேலையும் குறைவு. அரைகுறையாக உக்கின எருவாக இருந்தாலும் ஐப்பசி ஈரம் மீதியை உக்கவைத்துவிடும். காய்ந்த மண்ணில் போட்டு உழுவதும் லேசு.

ஆனால் நமக்கு வரும் மழை எப்படிப்பட்டது? ஆண்டு முழுவதற்கும் உரிய மழையில் பெரும் பங்கு ஒக்டோபர் நடுவில் தொடங்கி டிசெம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. எருவில் உள்ள நைதரசன் உக்க உக்க நைத்திரேற்றாக மாறும். அது தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் போகும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஒரு கார்த்திகை மழை போதும், அது வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். விசுவமடுப் பக்கத்துச் செம்மண் கொஞ்சம் பிடித்து வைக்கும். அங்கே சிக்கல் வேறு: மேலே பரப்பிவிட்டு உழாமல் விட்ட எரு வெள்ளத்தோடு வாய்க்காலுக்கு இறங்கிவிடும். தை மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கத்தரியோ தக்காளியோ வைக்கப் போகிறவர் புரட்டாதியில் எரு பரப்புவது, என் கணக்கில், காசை மழையில் நனைய விடுவதுதான்.

இதற்கு இரண்டு விலக்கு உண்டு. ஒன்று, மாரியோடேயே மிளகாயோ கத்தரியோ நடுகிறவர். அவருக்குப் பயிர் நிலத்தில் நிற்கிறது, போட்டதை வேர் எடுக்கும். நல்லாக உக்கின எருவை நடுகைக்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன் போட்டால் சரி. மற்றது மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்பு மண். நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே எருவின் முதல் வேலை மண்ணைப் பொலபொலப்பாக்குவது. அதை மழைக்கு முன் உழுது சேர்த்தால்தான் உண்டு. தண்ணீர் தேங்கினால் கொஞ்ச நைதரசன் வாயுவாகப் பறக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: மழைக்கு முன் குழையைப் புதையுங்கள், எருவைப் பொத்தி வையுங்கள். பூவரசு, கிளிசரியா, காவிளாய் எது கிடைத்தாலும் வெட்டி மண்ணுக்குள் தாட்டுவிட்டால் மாரி அதை உக்கவைக்கும். எரு தை வரை கும்பியில், அதாவது குவித்து உக்கவைக்கும் குவியலில், கிடக்கட்டும்.

கும்பி என்றதும் பட்டி ஞாபகம் வருகிறது. இரவில் மாட்டையோ ஆட்டையோ நிலத்திலேயே பட்டி அடைத்து, சில நாளுக்கு ஒருதடவை பட்டியை நகர்த்தும் பழக்கம் வன்னியில் பழையது. கும்பியோடு ஒப்பிட்டால் இதில் ஒரு பெரிய இலாபம் இருக்கிறது: மூத்திரம். மாடு வெளியேற்றும் நைதரசனில் ஏறத்தாழப் பாதியும், பொற்றாசியத்தில் பெரும் பங்கும் சாணத்தில் இல்லை, மூத்திரத்தில் இருக்கின்றன. தொழுவத்தில் இருந்து சாணத்தை மட்டும் வாரிக் கும்பி கட்டுபவர் அந்தப் பாதியை முதல் நாளே இழக்கிறார். ஆனால் பட்டி போட்ட நிலத்தை உடனே கொத்திவிட வேண்டும். வன்னி வெயிலில் மூத்திரத்து நைதரசன் அமோனியாவாகி ஓரிரு நாளிலேயே பறந்துவிடும், மூக்கே சொல்லும். வேலியும் பயிரும் உள்ள சின்னத் தோட்டத்துக்குப் பட்டி ஒத்துவராது. களைவிதையும் கூடவே வரும். கும்பியைச் சரியாகக் கட்டினால் உள்ளே சூடு 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். இரண்டு மூன்று தரம் புரட்டிக் கொடுத்தால் களைவிதையும் கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். ஆகவே, வெறும் நிலத்தைத் திருத்தித் தோட்டம் தொடங்குபவருக்குப் பட்டி, நடந்துகொண்டிருக்கும் தோட்டத்துக்குக் கும்பி. தொழுவத்தில் வைக்கோல் பரப்பி மூத்திரத்தை ஊறவைத்து அதையும் கும்பியில் சேர்த்தால் அந்த நட்டம் குறையும்.

கும்பிக்கு மேலே கிடுகோ தகரமோ போடுங்கள். வெயிலும் மழையும் இரண்டுமே எதிரி. புரட்டும்போது வெள்ளையாய்ச் சுருண்ட பெரிய புழுக்கள் வந்தால் கோழியை அவிழ்த்து விடுங்கள். அவை பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் குஞ்சு, விட்டால் வண்டாகி உங்கள் தென்னங்குருத்தைத்தான் குடையும்.

இனி அளவு. மரக்கறிக்கு வழமையாகச் சொல்லப்படுவது ஹெக்டேயருக்கு 10 தொன் மாட்டெரு. ஹெக்டேயரில் ஏறத்தாழ நாற்பதில் ஒன்றான ஒரு பரப்புக்கு அது ஏறத்தாழ 250 கிலோ. உக்கின மாட்டெருவில் நைதரசன் அரை வீதம் என்று வைத்தால் 250 கிலோவில் ஒன்றேகால் கிலோ. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றிலொரு பங்களவுதான், மீதி மெதுவாக வரும். அதாவது இந்தப் போகத்துக்கு ஒரு கிலோவுக்கும் குறைந்த யூரியா போட்ட மாதிரி. 2021ஆம் ஆண்டு இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியபோது தோட்டங்கள் ஏன் வெளிறின என்பதற்கு இந்தக் கணக்கே போதும். எரு வருடக்கணக்கில் மண்ணைக் கட்டும், ஒரு போகத்தில் யூரியாவின் இடத்தை நிரப்பாது.

கோழி எருவில் நைதரசன் 3 வீதம் அளவில் இருக்கும். அதே ஒன்றேகால் கிலோவுக்கு 40 கிலோ போதும், அதுவும் சீக்கிரம் கிடைக்கும். மலிவென்று அள்ளிக் கொட்டினால் வேர் கருகும், இலை கொழுத்துப் பேனும் பூச்சியும் ஏறும். இறைச்சிக்கோழிக் கூட்டில் இருந்து வருவதில் உமியோ மரத்தூளோ பாதி இருக்கும். அது உக்கும்வரை மண்ணில் உள்ள நைதரசனையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கும்பியில் உக்கவைத்தே போடுங்கள். ஆட்டெரு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. புழுக்கையை உடைத்துப் போட்டால் மிளகாய்க்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது, தேவைக்குக் கிடைப்பதுதான் பாடு.

"அண்ணை, நல்லா உக்கின எரு" என்று எந்த வியாபாரியும் சொல்வார். ஒரு பிடியை நனைத்துப் பொலித்தீன் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது மண்வாசம் வந்தால் வாங்கலாம். மூக்கைப் பொத்த வேண்டி வந்தால் இன்னும் காலம் இருக்கிறது.

பரப்புவதா, குழியில் போடுவதா? கத்தரி, மிளகாய், பூசணி, பாகல் போன்ற இடைவெளி விட்டு வைப்பவைக்குக் குழி. ஒரு பரப்பில் 90 சென்ரிமீற்றருக்கு 60 என்று கத்தரி வைத்தால் 460 கன்றுக்கு மேல் வரும், கன்றுக்கு அரைக் கிலோ விழும். குழியில் மண்ணோடு நன்றாகக் கலந்து, நனைத்து, ஒரு கிழமை விட்டு நடுங்கள். மணல் நிலமென்றால் அந்த அரைக் கிலோவையும் பிரித்து, பாதியைப் பூக்கும் முன் மண் அணைக்கும்போது போடுவது மேல். வெங்காயத்துக்கும் கீரைக்கும் பரப்பிக் கொத்துவதுதான் வழி. கரட்டுக்குப் புது எரு வேண்டாம், கிழங்கு கிளைத்துப் போகும். முந்திய போகத்துக்கு எருப் போட்ட பாத்தியில் விதையுங்கள்.

பச்சைச் சாணத்தைக் கரைத்துக் கீரைப் பாத்திக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கீரை மளமளவென்று வரும், உண்மைதான். ஆனால் அமெரிக்கச் சேதன விவசாய விதியில், கிருமிக்குப் பயந்து, உக்காத எரு போட்ட பின் மண்ணில் படும் விளைச்சலை எடுக்க 120 நாளும், படாததை எடுக்க 90 நாளும் பொறுக்க வேண்டும். நம் கீரை ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடுகிறது. சுண்டும் கீரைக்குக்கூட நான் அதை ஊற்றமாட்டேன், பச்சையாய்ச் சம்பல் போடும் வல்லாரைப் பாத்திக்குக் கிட்டவும் கொண்டுபோகமாட்டேன்.