தற்காப்பு வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: ஹட்டன் பகுதிப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பெண் பிள்ளைகளுக்கான தற்காப்புப் பயிற்சி என்று ஹட்டனில் ஒரு மாத வகுப்பு நடத்திய ஒருவரிடம் என் மகளைச் சேர்த்தோம். பணமும் போயிற்று, அவளுடைய வலது கையும் முறிந்தது. அதே விளம்பரம் வேறு பெயரில் இப்போது கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் ஒட்டப்பட்டிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

மகள் நகரத்துக் கடையொன்றில் வேலை செய்கிறாள். மாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலை மலைக்கு நடுவே லயம் வரை தனியாக நடந்து வர வேண்டும். அந்தப் பயத்தினால்தான் 15,000 ரூபாயை முழுவதுமாக முன்கூட்டியே கட்டினோம். பற்றுச்சீட்டுக்குப் பதிலாக ஓர் அட்டையில் கையொப்பம் இட்டுக் கொடுத்தார்கள்.

முதல் நாள் அந்த மாஸ்டர் ஓடுகளை அடுக்கி ஒரே குத்தில் உடைத்துக் காட்டினார். இரண்டு ஓரங்களிலும் தாங்கு கொடுத்து, ஒவ்வோர் ஓட்டுக்கும் இடையில் சிறு கட்டை வைத்து இடைவெளி விட்டிருந்தார். அப்படி அடுக்கினால் ஓடுகள் சேர்ந்து எதிர்ப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகவே உடைகின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லவில்லை. அதன் பிறகு வகுப்பு முழுவதும் மூடிய முஷ்டியால் முகத்தில் குத்துவதையே பழக்கினார். கையுறையும் இல்லை, கைக்குக் கட்டும் துணியும் இல்லை, அடி வாங்கும் மெத்தைப் பலகையும் இல்லை.

முகத்தை நோக்கிக் குத்து வந்தால் எவரும் இயல்பாகத் தலையைக் குனிவார்கள். அப்போது மூக்குக்கு வைத்த குத்து நெற்றி எலும்பில் போய் விழும். சோடி சேர்த்துப் பழகியபோது நடந்தது அதுதான். மகள் "மாஸ்டர், கை வலிக்குது" என்று சொன்னதற்கு, "இறுக்கிப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது தங்கச்சி, இன்னொரு தடவ குத்துங்க" என்றிருக்கிறார். வீட்டில் முஷ்டியை மூடச் சொல்லிப் பார்த்தேன்: மூன்று விரல் முட்டிகள் எழுந்து நின்றன, சுண்டுவிரலின் முட்டி இருந்த இடம் பள்ளமாக இருந்தது. எக்ஸ்ரேயில் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கைக்குள் ஓடும் எலும்பு, முட்டியை ஒட்டிய கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தது. வெறும் முஷ்டியால் கடினமான இடத்தில் குத்துபவர்களுக்கு மிகவும் சாதாரணமாக வரும் முறிவு இது என்று வைத்தியர் சொன்னார். முட்டி எதிராளியின் பல்லில் பட்டுக் கிழிந்தால், சிறு காயமாகத் தெரிந்தாலும் மூட்டுக்குள் கிருமி போய்விடும் என்பதால் அன்றே வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார்.

பின்னர், பல ஆண்டுகளாகக் கராத்தே கற்பிக்கும் உறவினர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புதிதாகப் பழகுபவருக்கு முதலில் தர வேண்டியது உள்ளங்கையின் அடிப்பாகம். விரல்களைப் பின்னால் வளைத்து, மணிக்கட்டுக்கு அருகிலுள்ள தடித்த சதையால் மூக்கையோ தாடையையோ நோக்கித் தள்ளி அடித்தால், மகளுக்கு முறிந்ததைப் போன்ற மெல்லிய எலும்புகள் பாரத்தை ஏற்பதில்லை. முன்கை எலும்புகளே ஏற்கின்றன. இரண்டாவது, முஷ்டியை மூடிச் சுண்டுவிரல் பக்கச் சதையால் சுத்தியலைப் போல இறக்குவது. ஒரு கை பிடிபட்டிருந்தாலும் மற்றக் கையால் இதைச் செய்யலாம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய கொமாண்டோ வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த வில்லியம் ஃபேர்பேர்னும் மோவாயில் உள்ளங்கையால் அடிப்பதையும் கையின் விளிம்பால் வெட்டுவதையும்தான் முன்னிறுத்தினார். படைவீரருக்கே அப்படியென்றால், நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு வெறும் முஷ்டியை மட்டும் கொடுத்து அனுப்பியது கொடுமை. உரக்கக் கத்துவது, எட்டி நிற்பது, பிடியை விடுவிப்பது, ஓடுவது ஆகியவற்றுக்கு அந்த வகுப்பில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

இன்னொன்றும் என்னைக் கலங்க வைத்தது. "விழுந்தவன் எழும்பாத வரைக்கும் அடிங்க" என்று அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய இடம் தரவில்லை. விழுந்து கிடப்பவரைத் தொடர்ந்து அடித்தால் வழக்கு நம் பிள்ளையின் மேலேயே திரும்பும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சான்றிதழுக்கு மேலும் 3,000 ரூபாய் கட்டினால் "பயிற்சி முடித்தவர்" என்று எழுதித் தருவதாகச் சொன்னார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

விளையாட்டு அமைச்சில் பதிவுபெற்ற எந்தச் சங்கத்தோடு தொடர்பு என்று கேட்டு, அந்தச் சங்கத்திடமே விசாரியுங்கள். ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்க விடாதவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் அந்தக் கையொப்ப அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். முறைப்பாட்டோடு நாங்கள் கொடுத்த ஒரே ஆதாரம் அதுதான்.