செருப்பை யார் பார்ப்பது? சென்னையில் ஒற்றை ஆளாக ஒரு கோயில் நாள்

டொரொன்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். இரண்டு வாரம் ஒரு கல்யாணத்திலும் உறவினர் வீட்டுக் காப்பியிலுமே கரைந்துவிட்டது. ஒரு நாளாவது யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போன கோயில்களுக்குத் தனியாகப் போய்வர நினைத்தேன். "கார் சொல்லட்டுமா?" என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த வீம்பின் விலை போகப் போகத் தெரிந்தது.

முதல் சிக்கல் பணம். கையில் காசு இருக்கிறது, ஆனால் எல்லாம் ஐநூறு ரூபாய்த் தாள். ஊரே யூபிஐயில் ஓடுகிறது. இளநீர் வண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. இங்கே என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு) இருந்தால் கனடா எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ளலாமாம். அப்பா தவறிய வருடம்தான் அந்தக் கணக்கை மூடியிருந்தேன். சிம் கார்டு கதை இன்னும் மோசம். பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருவது), போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு "நாளைக்கு ஆன் ஆயிடும் மேடம்" என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. சிம் இல்லையென்றால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லையென்றால் ஆட்டோ ஆப்பும் இல்லை. சரி, கால் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது என்று கிளம்பினேன்.

கிண்டியில் ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினேன். கவுண்டரில் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் தந்தார்கள். ஐநூறை நீட்டியதற்கு முகம் சுளிக்காத ஒரே ஆள் அன்று அந்தக் கவுண்டர் பெண்தான். அவர் கொடுத்த பத்து, இருபதுகளை வைத்துத்தான் அன்றைய பொழுது ஓடியது.

தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். காலை எட்டு மணிக்கே கூட்டம். 1677இல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வழிபட்டதாகச் சொல்வார்கள். பாட்டிக்கு அதைவிட பாரதியார் வந்த கோயில் என்பதில்தான் பெருமை. பேர் காளி என்றாலும் உட்கார்ந்த கோலத்தில் அவ்வளவு சாந்தம். பத்து நிமிடம் நின்றேன், யாரும் "நகருங்க" என்று தள்ளவில்லை.

அங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடை. மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே கோயில் வாசலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வள்ளலார் சிறு வயதில் பாடிய சந்நிதி. உள்ளே ஒரு குளம். வெளியே அடிக்கிற ஹாரன் சத்தம் அங்கே எட்டுவதில்லை.

இதற்கிடையில் செருப்புப் பிரச்சினை. குடும்பமாகப் போனால் யாராவது ஒருவர் வெளியே நிற்பார், முறை மாற்றிப் போகலாம். தனி ஆளுக்கு செருப்பு, பை, போன் மூன்றும் தலைவலி. அன்று போன கோயில்களில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) "காலணி பாதுகாப்பு இலவசம்" என்று கொட்டை எழுத்தில் பலகை. அதன் கீழேயே உட்கார்ந்திருந்தவர் இருபது ரூபாய் கேட்டார். பலகையைக் காட்டினேன். அவரும் திரும்பி நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, "அது செருப்புக்கும்மா, பார்த்துக்கிறதுக்கு இருபது" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, கொடுத்துவிட்டேன். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பனிக்கால பூட்ஸை வரிசையாக அடுக்கிவிட்டுப் போகிறோம், அதற்கு இப்படி ஒரு தத்துவம் கிடைத்ததில்லை.

பூங்கா நகரில் பறக்கும் ரயில். ஐந்து ரூபாய் டிக்கெட்டில் திருவல்லிக்கேணி. பதினொன்றரைக்குப் பார்த்தசாரதி கோயிலுக்குள் நுழைந்தேன், நடை சாத்த ஒரு மணி நேரம்தான் பாக்கி. மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை. தேரோட்டியாக வந்தவர், போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் என்பதால் கையில் சக்கரம் கிடையாது, சங்கு மட்டும். உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள். சின்ன வயதில் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன் என்று அம்மா சொல்வாள். இந்தத் தடவை அர்ச்சகர் தீபத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபோதுதான் நன்றாகத் தெரிந்தது. அழுகை வரவில்லை, ஆனால் இரண்டாவது தடவை வரிசையில் போய் நின்றேன்.

மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும் அந்த மூன்றரை மணி நேரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தனியாக வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய சோதனை: உட்கார இடம், நல்ல கழிப்பறை, நிழல். ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிட்டேன், கழிப்பறையும் அங்கேயே முடிந்தது. மீதி நேரத்தை மயிலாப்பூரில் ஒரு துணிக்கடையின் ஏசியில், வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் புடவைகளைப் பிரிக்கச் சொல்லிக் கழித்தேன். பாவம் அந்தப் பையன்.

மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி மாட வீதியை அடைவதற்குள் மணி ஐந்தரை. பூ விற்கும் அம்மா ஒருவர் தானாகவே, "இங்க விட்டுட்டுப் போ, பூ மட்டும் வாங்கிக்க" என்றார். நியாயமான ஏற்பாடு. இரண்டு முழம் மல்லி வாங்கினேன். "எட்டு மணிக்குள்ள வந்துடணும், எனக்கு பஸ் இருக்கு" என்றார்.

கபாலீசுவரர் கோயிலில் இப்போது தமிழிலும் அர்ச்சனை கேட்கலாம்; 2021இல் அந்தத் திட்டத்தை இங்கேதான் தொடங்கினார்கள். கேட்டேன். குருக்கள் சாதாரணமாக, "யார் பேருக்கு?" என்றார். அப்பா பெயரைச் சொல்ல வாய் போயிற்று, மாற்றித் தம்பி பெயரைச் சொன்னேன். புரிகிற மொழியில் ஒவ்வொரு போற்றியாகக் காதில் விழ, கண்ணை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் புன்னை மரத்தடியில், அம்பாள் மயிலாக வந்து பூஜித்த சந்நிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

வெளியே வரும்போது எட்டு இருபத்தைந்து. பூக்கூடை கவிழ்த்தாயிற்று, சாக்குப் பை கட்டியாயிற்று. அதன் மேல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், காலடியில் என் செருப்பு மட்டும்.

"கடிகாரம் கட்டியிருக்கே இல்ல? எதுக்கு அது?" என்றார். இருபது ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. "பஸ் போயிடுச்சு. வா, ஆட்டோல ஏறு, மந்தவெளியில என்னை இறக்கிவிட்டுட்டு நீ போ."